நாற்பதுக்கு நாற்பது

நில அளவைத் துறைக்கு டென்னிஸ் வந்த ஆண்டில்தான் வரைவாளர் மறுபடியும் இடமாற்றம் கேட்டிருந்தார். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அரசு அலுவலகத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் கிடையவே கிடையாது என்பது, பாவம், தலை நரைத்த பிறகும் அவருக்குப் பிடிபடவில்லை.

அவர் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. சொந்த ஊர்க் கிளை அலுவலகத்தில் ஒரு மேஜை காலியாகக் கிடந்தது. இங்கே வரைகிற அதே கோடுகளை அங்கே உட்கார்ந்து வரைய அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். வாட்டசாட்டமான மனிதர். படுத்த பிறகும் அந்த உடம்பு இளைக்கவில்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் நாற்காலிக்கு மாற்றவும் இரண்டு ஆள் வேண்டும். இருந்ததோ மனைவி ஒருத்தி. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, மாமனாரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. போன வாரம் போனில் அவள் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. நிதானமாகச் சொன்னாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஆர்டர் வரலைன்னா நான் வேலைய விட்டுடறேங்க. எனக்குப் பிடிச்ச வேலைதான். ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது."

"வந்துடும்மா. இயக்குநர் மேஜைலதான் இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"போன வருஷமும் அது மேஜைலதாங்க இருந்துச்சு."

இடமாற்றம் எல்லாம் இந்த மாதக் கடைசி வேலை நாளோடு சரி. அதற்கப்புறம் கதவை மூடிவிடுவார்கள். திறக்க இன்னொரு வருடம் ஆகும்.

இந்த நேரத்தில்தான், உட்கார்ந்தே இருக்கிற அதிகாரிகளுக்கு வியர்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வியர்ப்பதற்கு எத்தனையோ வழி உண்டு. மனு கொடுக்க வந்தவர்களோடு ஒரு நாள் வரிசையில் நின்றிருந்தாலே போதும். ஆனால் பதவிக்குத் தகுந்த வியர்வை வேண்டும் என்று யோசித்து டென்னிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. அது யாருடைய நிலம் என்று அந்தத் துறையாலேயே கண்டுபிடிக்க முடியாததால், அங்கே கட்டடம் கட்ட முடியவில்லை. விளையாடத் தடையில்லை என்று தீர்மானித்து, வெள்ளைக் கோடு போட்டு வலை கட்டிவிட்டார்கள். துறையின் சரித்திரத்தில் ஒரே வாரத்தில் அளந்து முடிக்கப்பட்ட நிலம் அது ஒன்றுதான்.

நடுவர் யார் என்ற கேள்வி வந்தபோது கண்காணிப்பாளர் வரைவாளரைக் காட்டினார். கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் 'சுற்றறிக்கை' என்று பெயர். யாராவது தும்மினால் கூட, தும்முவது எப்படி என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புகிற ஆள்.

"சார், எனக்கு டென்னிஸ்ல ஆனா ஆவன்னா தெரியாது" என்றார் வரைவாளர்.

"தெரிஞ்சவனுக்குத்தான் அபிப்பிராயம் இருக்கும். நடுவருக்கு அது ஆகாது. அதோட உங்க விண்ணப்பம் வேற நிலுவைல இருக்கு. நிலுவைல இருக்கறவன்தான் சார் நடுநிலையா இருப்பான். ரெண்டு பக்கமும் பயம் இருக்கும்ல."

வரைவாளர் விதிப் புத்தகத்தை அறைக்கு எடுத்துப்போய்ப் படித்தார். முதல் புள்ளி எடுத்தால் பதினைந்து, இரண்டாவதற்கு முப்பது, மூன்றாவதற்கு நாற்பது, நாலாவது எடுத்தால் கேம். இருவரும் நாற்பதில் வந்து நின்றால் அதற்கு டியூஸ் என்று பெயர். அதற்கப்புறம் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுத்தவனுக்குத்தான் கேம். முதல் புள்ளி எடுத்தவனுக்கு 'அட்வான்டேஜ்' என்று ஒரு பட்டம் கிடைக்கும். அடுத்த புள்ளியைக் கோட்டைவிட்டால் பட்டம் போய்விடும், மறுபடி டியூஸ். இப்படி ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், அதிலும் எதிராளியைவிட இரண்டு கேம் கூட இருக்க வேண்டும். அப்படி இரண்டு செட் எடுத்தவன் ஜெயித்தவன். மனைவிக்குப் போனில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே இருந்தா?"

"அப்படியெல்லாம் யாராவது ஆடுவாங்களா? ஜெயிக்கத்தானேம்மா ஆடுவாங்க."

 உள்ளே அப்பா கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

போட்டிக்கு முன்னால் விதிகளை ஏற்றுக்கொள்ள ஒரு கூட்டம் கூடியது. இயக்குநர் தலைமை தாங்கிப் பேசினார்.

"இந்தத் துறை தலைமுறை தலைமுறையா கோடு போட்டுக்கிட்டு வருது. கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாருன்னு ஜனங்களுக்கு நாமதான் சொல்றோம். சொன்னதுக்கப்புறம் அவங்க அடிச்சுக்கிறாங்க. அது காவல் துறையோட வேலை. அதனால, கோடு போட்டு ஆடற ஒரு விளையாட்டை நமக்கு வெளியாள் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஆட்டம் பூஜ்யத்தில் தொடங்கும் என்று வரைவாளர் வாசித்ததும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றறிக்கை எழுந்து, மாவட்ட அளவுக்கு மேற்பட்ட எந்த அதிகாரியையும் பொது இடத்தில் பூஜ்யம் என்று அறிவிப்பது நடத்தை விதிகளுக்கு முரணானது என்றார். பதவியை முன்னிட்டு அவர்களுக்கு முதல் பதினைந்து இயல்பாகவே சேரும் என்று தீர்மானமாயிற்று. உதவியாளர்கள் ஆடினால் பூஜ்யத்திலிருந்தே ஆடலாம். அவர்களுக்குப் பழக்கம்தானே.

அடுத்து தணிக்கையாளர் கையைத் தூக்கினார். ஊர் முழுக்கத் தீப்பிடித்து எரிந்தாலும், எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்கிற ஜாதி அவர்.

"பதினஞ்சு. அப்புறம் முப்பது. அப்புறம் நாப்பது. சரி, அந்த அஞ்சு எங்க போச்சு?"

"அப்படித்தான் சார் வழக்கம். உலகம் பூரா நாப்பதுதான் சொல்றாங்க" என்றார் வரைவாளர்.

"உலகம் பூரா நடந்தா முறைகேடு முறையாயிடுமா? ஆளுக்கு அஞ்சு. ஒரு கேம்ல ரெண்டு பேருக்கும் சேத்துப் பத்து. இது யாரு கைக்குப் போகுது?"

வெகு நேரம் விவாதித்தார்கள். கடைசியில் நாற்பது என்றே அறிவிப்பது, விடுபட்ட ஐந்தை விளக்கம் வரும்வரை நிலுவையில் வைப்பது என்று முடிவாயிற்று. விளக்கத்தை யாரிடம் கேட்பது என்பதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். வரைவாளருக்குத் தலை வலித்தது. அந்த வலி புதிதல்ல, ஆனாலும் அன்றைக்கு அது நெற்றியிலிருந்து பிடரி வரை இறங்கியது.

மாதத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை மாலை, ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் இயக்குநர். மறுபக்கம் தலைமையகத்திலிருந்து வந்திருந்த செயலாளர். இந்த இருவரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இயக்குநர் ஓய்வு பெறுகிற வயது. பதவி நீட்டிப்பு கேட்டு எழுதியிருந்தார். அது செயலாளர் கையில் இருந்தது. செயலாளர் புது வீடு கட்டியிருந்தார். அதன் சுற்றுச்சுவர் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்துக்குள் ஓர் அடி போய்விட்டதாகப் புகார். அதை அளந்து அறிக்கை தர வேண்டியவர் இயக்குநர். ஆக, ஒருவர் குடுமி மற்றவர் கையில். இரண்டு பேருமே ஜெயிக்கப் பயந்தார்கள். அதே சமயம், அத்தனை சிப்பந்திகள் பார்க்கத் தோற்கவும் இஷ்டமில்லை.

வரைவாளர் உயரமான நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அலுவலகத்தில் அவர் இவ்வளவு உயரத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. ஏறுவதற்கு முன்னால் இயக்குநர் அவரைத் தோளில் தட்டி, "உன் விஷயம் ஞாபகம் இருக்குய்யா. மேட்ச் முடிஞ்சதும் முதல் கையெழுத்து உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பனைமரத்தில் கூட ஏறியிருப்பார்.

நாணயம் சுண்டினார்கள். செயலாளர் ஜெயித்துவிட்டார். உடனே அவர் பதறிப்போய், "இல்ல இல்ல, நீங்களே சொல்லுங்க" என்றார். மறுபடி சுண்டினார்கள். இயக்குநர் ஜெயித்தார். "ஐயோ, உங்களுக்கு முன்னால நானா?" என்றார். கடைசியில் சுற்றறிக்கை தலையிட்டு, விருந்தாளியை நோக்கிப் பந்து போவதுதான் மரியாதை என்று சொன்னதால், இயக்குநர் சர்வீஸ் போட்டார்.

முதல் பந்து வலையில் விழுந்தது. சர்வீஸ் போடுகிறவருக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டையும் தவறவிட்டால் எதிராளிக்குப் புள்ளி. இயக்குநர் இரண்டாவதையும் வலையிலேயே சேர்த்துவிட்டு, "என்ன பண்றது, காத்து" என்றார். இலை கூட அசையாத சாயங்காலம் அது. அடுத்த பந்து ஒழுங்காக வந்தது. செயலாளர் அதை எட்டி நின்று வழியனுப்பிவைத்து, "அடடா, பிரமாதம்" என்றார். முப்பதுக்கு முப்பது. பிறகு அவர் ஒன்று, இவர் ஒன்று.

"டியூஸ்" என்றார் வரைவாளர்.

அதற்கப்புறம் அவர் அந்த நாற்காலியிலிருந்து சொன்னது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். அட்வான்டேஜ் கிடைத்தவர் முகத்தில் கள்ளன் பிடிபட்ட களை வந்துவிடும். அடுத்த பந்திலேயே அவசரமாக அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கல்யாண வீட்டில் மொய்க் கவரை இவர் பையில் அவரும் அவர் பையில் இவரும் திணித்துக்கொண்டே இருப்பதைப் போல, புள்ளி வலையைத் தாண்டிப் போய்ப் போய் வந்தது. இருட்டும்வரை ஆடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்வதாக அறிவித்தார்கள். சிப்பந்திகள் இதைத் துறையின் நாகரிகம் என்று புகழ்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வேறொரு சிக்கல் முளைத்தது. மேற்கு வெயில் செயலாளர் முகத்தில் அடித்தது. முதல் கேம் முடிந்தால்தான் பக்கம் மாற முடியும் என்பது விதி. முதல் கேம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. விதியை மீறலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே அளவுச் சங்கிலி பிடிக்கிற ஊழியர் ஒருவரை, குடையோடு செயலாளருக்குப் பின்னால் ஓடப் பணித்தார்கள். அவர் வலப்பக்கம் ஓடினால் குடையும் ஓடியது. அவர் நின்றால் நின்றது. செயலாளரைவிடக் குடைக்காரர்தான் அதிகம் வியர்த்தார். மேலிடத்து உத்தரவு அந்த மட்டில் நிறைவேறியது.

புதன்கிழமை பந்து கோட்டில் விழுந்தது.

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் அது ஒரு விஷயமே இல்லை. கோட்டில் பட்ட பந்து உள்ளே விழுந்த பந்துதான் என்று விதிப் புத்தகம் கறாராகச் சொல்கிறது. வரைவாளரும் அப்படித்தான் அறிவித்தார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் பிறவி எல்லைக்கோட்டுக்காரர்கள். நிலம் என்று காதில் விழுந்தால் தரகர் தூக்கத்திலேயே விலை சொல்வதைப் போல, கோடு என்றதும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எல்லைக்கோடுன்னா அதுக்கு அகலமே கிடையாது" என்றார் ஒரு மூத்த அளவர். "இந்தக் கோடு ரெண்டு விரக்கடை அகலம் இருக்கு. அப்ப இதுல எல்லை எது? உள் விளிம்பா, வெளி விளிம்பா, நடுவா?"

"கோடு பூராவும் உள்ளதான் சேத்தின்னு விதி சொல்லுது சார்" என்றார் வரைவாளர் மேலிருந்து.

"அது டென்னிஸ் விதி. இது நில அளவைத் துறை. கோடு ஒருத்தனுக்கு மட்டும் சொந்தம்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நாம வெளியில தலை காட்ட முடியுமா?"

உண்மைதான். ஊரில் எந்த வரப்பும் யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லாமல் பார்த்துக்கொண்டதில்தான் அந்தத் துறை இத்தனை காலம் பிழைத்திருந்தது. உடனே முக்காலி வந்தது, அளவுக் கருவி வந்தது, சங்கிலி வந்தது. பந்து விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டார்கள். அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குத் தகவல் சொல்லாமல் அளக்கக் கூடாது என்று சுற்றறிக்கை நினைவூட்டியதால், பக்கத்து மரப்பட்டறைக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் ஒன்றும் புரியாமல் நின்று, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தன் நிலத்தை யாரோ எடுக்கப் போகிறார்கள் என்ற கவலையோடுதான் போனார்.

அளந்து முடித்ததும் எல்லோரும் ஒருவர் கணக்கை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். மைதானத்தின் ஒரு பாதி மற்ற பாதியைவிட ஒன்றரை அடி நீளமாக இருந்தது. துறையே அளந்து, துறையே கோடு போட்ட மைதானம். மூத்த அளவர் நோட்டை மூடிவிட்டு, "அளவு சரியா இருக்கு" என்றார். சரியாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நட்ட கல்லைப் பிடுங்குவதற்குத் தனி உத்தரவு வேண்டுமாம். அதனால் கல் அங்கேயே நின்றது. வியாழக்கிழமை முழுக்க இரண்டு அதிகாரிகளும் அதைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

இதற்குள் அலுவலகமே மைதானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மனு கொடுக்க வந்தவர்களைப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அண்ணன் தம்பி இருவர் பாகப் பிரிவினைக்கு வரைபடம் கேட்டு நடையாய் நடந்து கொண்டிருந்தவர்கள். வந்த புதிதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். டியூஸுக்கு எப்படிக் கைதட்டுவது, அட்வான்டேஜுக்கு எப்படி வருத்தப்படுவது என்று சேர்ந்து பழகியதில் இப்போது ஒரே டம்ளரில் தேநீர் பங்கிட்டுக் குடித்தார்கள். நிலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டபோது, துறைக்கு ஒரு மனு தீர்ந்த கணக்கு ஆயிற்று. ஒரு விளையாட்டு மனிதர்களை எப்படி இணைக்கிறது என்று இயக்குநர் அதைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார்.

வரைவாளருக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வியாழன் இடைவேளையில் கீழே இறங்கி இயக்குநரின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயா, நாளையோட கடைசி. அந்த ஆர்டர்ல கையெழுத்து..."

இயக்குநர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எப்படிய்யா? ஆட்டத்துக்கு நடுவுல நடுவருக்கு நான் சலுகை குடுத்தா ஆட்டத்தோட நேர்மை என்ன ஆகும்? நாலு பேரு நாலு விதமா பேச மாட்டான்?"

"அப்பாவத் தூக்கக் கூட ஆளில்லைங்க ஐயா. வீட்டுக்காரி வேலைய விடறேன்னு..."

"ஆட்டம் முடியட்டும். நீ நேர்மையா இரு. மத்ததெல்லாம் தானா வரும்."

அன்று மாலை மனைவியிடமிருந்து போன் வரவில்லை. இவரே அழைத்தார். ராஜினாமாவைத் திங்கட்கிழமை கொடுக்கப் போவதாக அவள் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் உடன் வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிட்டாளாம். ஒரு பெண் அழுதாளாம். "நீங்க கவலப்படாதீங்க" என்று வேறு சொன்னாள். அந்தச் சொல் அவரை அறைந்தது. கவலைப்படுவதைத் தவிர அந்த வீட்டுக்காக அவர் வேறு எதைச் செய்தார்?

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். அலுவலகம் மூட ஒரு மணி நேரம் இருக்கும். இயக்குநருக்கு அட்வான்டேஜ். வழக்கம்போல முதல் சர்வீஸை வெளியே அடித்தார். இரண்டாவதையும் வெளியே அனுப்பத்தான் மட்டையை ஓங்கினார். ஆனால் அத்தனை நாள் ஆடியதில் கை அவருக்குத் தெரியாமலே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. பந்து சவுக்கு வீசினாற்போலப் போய், கட்டத்துக்கு நட்ட நடுவில் விழுந்து, செயலாளரையும் குடையையும் தாண்டிப் பின்சுவரில் மோதியது. எந்தக் கோட்டிலும் படவில்லை. அளக்க ஒன்றுமில்லை.

முதல் கேம் முடிந்துவிட்டது.

மைதானம் உறைந்துபோயிற்று. இயக்குநர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பாம்பை மிதித்தவர் போலக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செயலாளரின் முகம் மெல்லச் சிறுத்தது. வரைவாளர் 'கேம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் கூட வந்தது. அட, இதற்கும் ஒரு முடிவு உண்டு போலிருக்கிறதே என்று.

"பந்து வலைல உரசின சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார் சுற்றறிக்கை.

சர்வீஸ் வலையில் உரசிவிட்டுப் போனால் அது கணக்கில் சேராது. மறுபடி போட வேண்டும்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் தணிக்கையாளர். மூத்த அளவருக்கும் கேட்டதாம். குடைக்காரருக்குக் கேட்டது. மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தட்டச்சுக்காரருக்கும் கேட்டது. வலைக்கு அந்தப் பந்தைப் பார்த்த ஞாபகம் கூட இருந்திருக்காது, ஒரு முழம் மேலே போயிற்று.

"உங்களுக்குக் கேக்கலையா சார்?" என்று சுற்றறிக்கை மேலே பார்த்துக் கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சல்தான். இயக்குநரும் செயலாளரும் கூட அவரைத்தான் பார்த்தார்கள். கேம் என்று சொன்னால் இயக்குநரின் நீட்டிப்பு போகும், செயலாளரின் சுவர் போகும், இவர்கள் எல்லோருடைய பிழைப்பும் ஆட்டம் காணும். இவருடைய ஆர்டர் முதலில் போகும். சொல்லாவிட்டால் ஆட்டம் முடியாது. முடியாவிட்டால் கையெழுத்து கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வரைவாளருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு அலுப்பாக இருந்தது. இவர்களுக்கு நியாயம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

மைதானம் மூச்சு விட்டது. இயக்குநர் குனிந்து மட்டையை எடுத்து, பந்தைப் பத்திரமாக வலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"டியூஸ்" என்றார் வரைவாளர். சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த புள்ளியை யார் விட்டுக்கொடுப்பது என்பதில் எல்லோருடைய கண்ணும் இருந்தது. மனுதாரர்கள் பெஞ்சைத் தாண்டி, மரப்பட்டறையைத் தாண்டி நடந்தார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான், விடுப்பு எழுதிக் கொடுக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. வேலை போய்விடும் என்று தோன்றியது. பயப்பட முயன்று பார்த்தார். அதற்குள் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சா?"

"இல்ல."

"லீவா?"

"அதுவும் இல்ல. இறங்கி வந்துட்டேன்."

அவள்  இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து அவர் பார்த்து வெகு நாளாயிற்று. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. வருவது வரட்டும் என்று இருவரும் இருந்தார்கள்.

வந்தது ஒரு போன்தான். அந்த வாரக் கடைசியில், காலையில், இருவரும் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். சுற்றறிக்கையின் குரல். இடைநீக்கம்தான் என்று வரைவாளர் தீர்மானித்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"சார், நாற்காலி காலியா இருக்குன்னு யாரோ கிளப்பிவிட்டிருக்காங்க. நான் நம்பல. வருகைப் பதிவுல நீங்க ஆஜர்னுதான் இருக்கு. நடுவர் இல்லாம ஆட்டம் நடக்குதுன்னு எழுதினா இதுவரைக்கும் ஆடினதெல்லாம் செல்லாமப் போயிடும். அது யாருக்கும் நல்லதில்ல பாருங்க."

"சரிங்க சார்."

"தினம் ஒரு தடவை ஸ்கோரை மட்டும் சொல்லிடுங்க, போதும். நடுவர் வாயால வந்தாத்தான் செல்லும். இப்ப என்ன சார் ஸ்கோர்?"

வரைவாளர் அப்பாவின் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கியிருந்தார். எதிரே மனைவி கால்களைப் பிடித்திருந்தாள்.

"டியூஸ்" என்றார்.

"ரொம்ப நன்றி சார். சம்பளம் வழக்கம்போல வந்துடும். நாளைக்குக் கூப்பிடறேன்."

போன் தோளிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். மனைவி நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்தாள்.

"என்னவாம்?"

"ஆட்டம் இன்னும் முடியலையாம்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா திரும்பிப் போகணும்."

அவள் மாமனாரின் கால்மேல் துணியைச் சரிசெய்தாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்து அவர் சொன்னார்:

"நல்லா... ஆடட்டும்... விடு."